நைனாவின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்: ஸ்கேன் செய்தால் முகம் மெழுகாகிவிடுகிறது

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் விட்டுப்போனால் உங்களுக்குக் காரணம் பிடிபடாது.

எங்கள் நைனா வேலூர் லாங் பஜார் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் போன பிறகு கடையைக் காலி செய்தபோது நான்கு டிரங்குப் பெட்டி நிறைய நெகட்டிவ் வீட்டுக்கு வந்தது. முக்கால்வாசி 120 பிலிம், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரப் படங்கள், கறுப்பு வெள்ளை. கம்பெனி பார்த்தால் இந்து பிலிமும் இருக்கிறது, ஆர்வோவும் இருக்கிறது. பிற்பாடு எடுத்ததெல்லாம் 35 எம்எம் கலர். ஒவ்வொரு கவர் மேலும் நம்பரும் ஊர்ப் பெயரும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன: விரிஞ்சிபுரம், ஆரணி, பள்ளிகொண்டா, அணைக்கட்டு. சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்த 1981-ம் வருஷத்துக் கவர் ஒன்றும் கிடைத்தது. ஒரு முழு ரோல், பன்னிரண்டு படம். அதைத் தொட இன்னும் தைரியம் வரவில்லை. முதலில் கை பழகட்டும் என்று வேறு கவர்களை எடுத்தேன்.

ஸ்கேனர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளாட்பெட், அதாவது கண்ணாடி மேல் வைத்து மூடி ஸ்கேன் செய்வது. மூடிக்குள் பிலிம் விளக்கு உண்டு, 120 பிலிமை மாட்டும் சட்டம் (ஹோல்டர்) உண்டு, இன்ஃப்ராரெட் தூசி நீக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, ராம் 8 ஜிபி. மென்பொருள் ஸ்கேனரோடு வந்ததுதான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கவர் 412. மேலே "வீடு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே எங்கள் அம்மா, கல்யாணமான புதிதில். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு மொட்டும் தெரிகிறது. ஸ்கேன் செய்தால் சரம் முழுக்க வெண்ணெய் தடவியது போல ஆகிவிடுகிறது. மூக்குத்தியின் பளிச்சு போய்விடுகிறது. முகம் மெழுகு பொம்மை. ஆனால் பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகள் நன்றாகவே விழுகின்றன. முகத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

இரண்டாவது, எந்த நெகட்டிவ் வைத்தாலும் அதே இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை.

மூன்றாவது, இந்தக் கத்திரி வெயிலில் பிலிம் வாழைப்பட்டை போலச் சுருண்டுகொள்கிறது. போட்டோ பிரேம் கண்ணாடி ஒன்றை மேலே வைத்து அமுக்கினேன். படத்தில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல வளையம் வளையமாக வருகிறது.

செட்டிங்: 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி), 48 பிட் கலர். கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தால் தூசி நீக்கும் பொத்தான் மங்கிவிடுகிறது, அமுக்க முடியவில்லை. அதனால் கலர் நெகட்டிவ் என்று வைத்துத்தான் அதைப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. நெகட்டிவின் மங்கலான பக்கத்தில், அதாவது மருந்து பூசிய பக்கத்தில், அம்மா முகத்தின் மேல் ஏதோ பிசுக்கு மாதிரி மினுக்குகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வைத்திருக்கிறேன். துடைத்துவிட்டு ஸ்கேன் செய்யலாமா?

ராணிப்பேட்டை120:

ஆல்கஹாலை மூடி வையுங்கள் அண்ணா. துடைப்பதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லும்வரை கை வைக்காதீர்கள். மற்றதற்கு நான் சொல்கிறேன்.

மெழுகு முகத்துக்குக் காரணம் அந்த மங்கின பொத்தான்தான். அது சும்மா மங்கவில்லை. கலர் பிலிமில் கழுவின பிறகு மிஞ்சுவது சாயம் மட்டும். இன்ஃப்ராரெட் ஒளி சாயத்தின் ஊடே தடையில்லாமல் போய்விடும். தூசியும் கீறலும்தான் அதை மறிக்கும். மறித்த இடத்தையெல்லாம் அழுக்கு என்று முடிவு செய்து, பக்கத்தில் உள்ளதை இழுத்து மென்பொருள் ஒட்டுப்போடுகிறது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறிக்கும். நெகட்டிவில் வெள்ளி எங்கே அடர்த்தி? படத்தில் வெளுப்பாக வரும் இடங்களில். அதாவது முகம், மல்லிகை, மூக்குத்தி. அவை எல்லாமே தூசி என்று நினைத்து மென்பொருள் பூசி மெழுகிவிட்டது. பின்னால் உள்ள இருண்ட திரையில் வெள்ளி குறைவு, அதனால் அது தப்பித்தது.

கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போல கலர் கெமிக்கலில் கழுவும் பிலிமுக்கு மட்டும் இது ஒத்துவரும், ஏனென்றால் அதிலும் மிஞ்சுவது சாயம்தான். இந்து, ஆர்வோ கறுப்பு வெள்ளைக்கெல்லாம் நிறுத்திவிடுங்கள். நைனாவின் கலர் கல்யாணங்களுக்குத் தாராளமாகப் போடலாம், அங்கே அது பெரிய உதவி.

கோட்டுக்கு வருகிறேன். ஹோல்டரின் ஒரு முனையில் படம் வைக்காத வெற்றுத் திறப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் ஸ்கேனர் அந்த வழியாக விளக்கைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அங்கே ஒரு தூசி நிழல் விழுந்தாலும் போதும். அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு என்று எண்ணி, படம் முழுக்க அந்த வரிசையை மட்டும் கூட்டிக் காட்டும். நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்பும்போது அது கறுப்புக் கோடாகிவிடும். அந்தத் திறப்புக்கு நேர் கண்ணாடியைப் பாருங்கள். ஹோல்டரில் ஏதாவது மாற்றிவைத்திருக்கிறீர்களா?

வளையம் வருவது பிரேம் கண்ணாடியால். இரண்டு பளபளப்பான பரப்பு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால் இடையில் உள்ள காற்றுப் படலம் அந்த வளையத்தைக் காட்டும். நியூட்டன் வளையம் என்பார்கள். லேசாகச் சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி இதற்கென்றே கிடைக்கிறது. அதற்கு முன்னால் பிலிமைக் கவரோடு தடியான புத்தகங்களுக்கு நடுவில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெயில் காலத்தில் மருந்துப் பக்கம் காய்ந்து சுருங்குவதால்தான் பிலிம் அந்தப் பக்கம் வளைகிறது. நான் சுருண்ட ரோலையெல்லாம் ஐப்பசி மழைக்கு ஒதுக்கி வைத்துவிடுவேன்.

6400 வேண்டாம். ஆறுக்கு ஆறு படம் அதில் ஒரு பக்கம் 14,000 புள்ளி வரும், 48 பிட்டில் ஒரு ஃபைல் ஒரு ஜிபியைத் தாண்டும். பிளாட்பெட் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது. 2400, 16 பிட் கிரே வையுங்கள். ஐம்பத்தைந்து எம்பி சுற்றி வரும், பெரிய பிரிண்டுக்கும் தாராளம். ஷார்ப்பன், கான்ட்ராஸ்ட் எல்லாம் ஸ்கேன் மென்பொருளில் அணைத்துவிட்டு டிஃப் ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். திருத்தமெல்லாம் அதன் நகலில் செய்யலாம்.

குடியாத்தம் டச்சிங்:

தம்பி, துடைக்காதே. அது அழுக்கு இல்லை. உங்கள் நைனாவின் கைவேலை.

நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்டூடியோக்களில் டச்சிங் பார்த்தவன். அந்தக் காலத்தில் போர்ட்ரெய்ட் எடுத்தால் நெகட்டிவிலேயே பென்சிலால் டச் செய்த பிறகுதான் பிரிண்ட் போடுவோம். முகத்தில் கருமையாக விழும் இடம், அதாவது கண்ணுக்குக் கீழ் நிழல், தழும்புக் குழி, சுருக்கம், நெகட்டிவில் தெளிவாக, வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் சுற்றியுள்ள தோலோடு சமமாகிவிடும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி போல ஆக்குவோம். ஒரு விரல் நீளத்துக்கு வெறும் கரி நீட்டிக்கொண்டிருக்கும். பிலிம் மேல் பென்சில் பிடிக்காது என்பதற்காக முதலில் ஒரு துளி மீடியம் தடவி, துணியால் வட்டமாக ஆற்றிவிடுவோம். டர்பென்டைனில் பிசின் கரைத்தது அது. நீ பார்க்கும் பிசுக்கு அதுதான். மினுக்குவது பென்சில் கரி. ஆல்கஹால் பட்டால் பிசினோடு கரியும் கையோடு வந்துவிடும். திரும்பப் போட ஆள் கிடையாது.

சந்தேகமாக இருந்தால் இப்படிப் பார். மங்கின பக்கம் மேலே இருக்கட்டும். டேபிள் லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பார். சின்னச் சின்னக் கால்புள்ளி மாதிரி கோடு ஒரே திசையில் போகும். சிலர் கை வட்டமாகப் போகும், சிலருக்குச் சாய்ந்த கோடு. ஒவ்வொருவர் கையும் வேறு. நான் வேலை பார்த்த ஊர்களில் நெகட்டிவைப் பார்த்தே யார் டச் செய்தது என்று சொல்லிவிடுவோம்.

பூஞ்சை பிடித்த நெகட்டிவ் ஏதாவது இருந்தால் அதையும் தண்ணீரில் போடாதே. பூஞ்சை தின்ற இடத்தில், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். தூசிக்கு ரப்பர் ஊதுகுழல் போதும். டச் செய்யாத பக்கத்தை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு.

சத்துவாச்சாரிக்காரன்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஆல்கஹால் பாட்டிலை எடுத்துப்போய் வேறு அறையில் வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் துடைத்திருப்பேன்.

ராணிப்பேட்டை தம்பிக்கு: கோட்டின் காரணம் கிடைத்துவிட்டது. நெகட்டிவைச் சுற்றி வெளிச்சம் கசியக் கூடாது என்று பழைய தினக்காலண்டர் அட்டையை வெட்டி ஹோல்டரில் ஒட்டியிருந்தேன். அட்டையின் பிசிறு ஒன்று, நூல் அளவுதான், நீங்கள் சொன்ன அந்தத் திறப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எறிந்தேன். கோடு போய்விட்டது. பத்து நாளாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் இன்னொரு சங்கதி. 1970 என்று எழுதின ஒரு கட்டுக் கவரைத் திறந்தாலே ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் வாடை மூக்கைத் துளைக்கிறது. பிலிம் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கிறது. இதுவும் மீடியமா ஐயா?

ஆரணி ஃபிலிம்:

அது மீடியம் இல்லை, பிலிமின் அடித்தளமே சிதைகிறது. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் பல வருஷம் கிடந்தால் அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகரும் அதே அமிலம்தான். ஒரு கட்டு விடும் ஆவி பக்கத்தில் உள்ள கட்டுகளையும் சீக்கிரம் கெடுக்கும். அதனால் இன்றைக்கே அதைப் பிரித்து வேறு அறையில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம், ஆவி உள்ளேயே தங்கி வேகமாகக் கெடும். ஸ்கேன் வரிசையில் அதுதான் முதலில். 1981 ரோல் மணக்காவிட்டால் அது காத்திருக்கலாம், இது காத்திருக்காது. சுருங்கிய பிலிமை ஹோல்டரில் இழுத்து மாட்டாதீர்கள், உடையும். ஹோல்டர் ஒத்துவராவிட்டால் லைட் பாக்ஸ் மேல் வைத்து மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவால் படம் எடுத்துவிடுங்கள்.

சத்துவாச்சாரிக்காரன்:

நேற்று ராத்திரி செய்தேன். கறுப்பு வெள்ளை, 2400, 16 பிட், தூசி நீக்கம் இல்லை, மேலே கண்ணாடி இல்லை. 412-ஐ இரண்டு வாரம் தடிப் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்தேன், ஓரளவு தட்டையாகிவிட்டது. முதல் தடவை இடவலம் மாறி வந்தது. அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். திருப்பினேன்.

மல்லிகை மொட்டுகளை இப்போது எண்ணலாம். மூக்குத்திக் கல்லில் ஸ்டூடியோ விளக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது.

அப்புறம் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். இடது கன்னத்தில் குடியாத்தம் ஐயா சொன்ன கால்புள்ளிகள். எல்லாம் கீழ்நோக்கி இடது பக்கம் சாய்ந்தவை. அம்மாவுக்கு எட்டு வயதில் பெரியம்மை போட்டது. அந்தக் கன்னத்தில் ஏழெட்டுக் குழிகள் இன்றும் இருக்கின்றன. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் ஒன்றுகூடத் தெரியாது, நானும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. நெகட்டிவில் ஒவ்வொரு குழியையும் நைனா தனித்தனியாக நிரப்பியிருக்கிறார். பெரிய குழிகளில் நாற்பது ஐம்பது கோடு இருக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கடைய சாத்திட்டு வந்து ராத்திரியில உக்காந்து செஞ்சாரு. என்னைப் பக்கத்துல வரவிடல, மூச்சுக் காத்து படும்னாரு" என்றார்.

இரண்டு ஃபைலாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று ஸ்கேன் ஆனபடியே, பென்சில் கோடுகளோடு, யாரும் கை வைக்காதது. இன்னொன்று பிரிண்டுக்கு, கோடுகள் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கியது.

வினிகர் கட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறது. மொத்தம் முப்பத்தொரு ஸ்ட்ரிப், இதுவரை ஒன்பது முடிந்தது. ஐயா, அந்தக் கால்புள்ளிகளின் குளோசப் ஒன்றை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வேலூரில் யாருடைய கையை ஒத்திருக்கிறது, நைனா யாரிடம் கற்றுக்கொண்டிருப்பார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.