ஆல்பத்துல பச்சைப் பிசுபிசுப்பு, செட்டுல ஒரே ஒரு ஓட்டை: காயின் சேர்க்குறவங்க கொஞ்சம் வாங்க

காசுப்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுலருந்தே காயின் சேர்க்குறேன். வெளிநாடு போய்ட்டு வர்றவங்ககிட்ட மிச்சம் இருக்குற சில்லறைய கேட்டு வாங்கி டப்பால போட்டு வெச்சதுல ஆரம்பிச்சு, அப்புறம் ஆல்பம், பூதக்கண்ணாடி, கேட்டலாக்னு வளர்ந்துடுச்சு. நைட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு டேபிள் லைட்ட போட்டு ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பி பார்க்குற அந்த கொஞ்ச நேரம் எனக்கு எதோடயும் ஈடு கிடையாது. ஆனா இப்ப ரெண்டு விஷயம் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு.

ஒண்ணு, ரொம்ப நாளா திறக்காம இருந்த ஒரு ஆல்பத்த போன வாரம் எடுத்தேன், திறந்ததும் புது ரெயின்கோட் மாதிரி ஒரு வாடை, பக்கமெல்லாம் கையில ஒட்டுது, உள்ள இருந்த செம்புக்காசு சிலதுல பச்சையா பிசுபிசுன்னு ஒரு படலம். வீட்ல எலுமிச்சம்பழம் போட்டு தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்ங்கறாங்க, எனக்கு கை வரல. என்ன பண்றது?

ரெண்டாவது, ஜெர்மனி யூரோ காயின்ல எந்த மிண்ட்ல (காசு அடிக்கிற ஆலைல) அடிச்சதுன்னு காட்ட ஒரே வருஷத்துக்கு அஞ்சு எழுத்து இருக்குல்ல, ஏ பெர்லின், டி ம்யூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். அதுல ஒரு வருஷத்துக்கு ஜி மட்டும் சிக்கவே மாட்டேங்குது, மத்த நாலும் டூப்ளிகேட் மேல டூப்ளிகேட்டா சேருது. ஆல்பத்த திறந்தா மத்ததெல்லாம் விட்டுட்டு கண்ணு நேரா அந்த காலி ஓட்டைக்குத்தான் போகுது. ஒரு காயினுக்காக மொத்த சந்தோஷமும் போற மாதிரி இருக்கு. உங்களுக்கெல்லாம் இப்படி ஆகுமா, எப்படி சமாளிக்கிறீங்க?

ஓரம்பிடி:

முதல்ல எலுமிச்சம்பழத்த எடுத்து அந்தப்பக்கம் வைங்க, பேஸ்ட், சாம்பல், பாலிஷ் எதுவும் கிட்ட வரக்கூடாது. உங்க கை தயங்குனது ரொம்ப சரி.

அந்த ஆல்பம் பிவிசி பிளாஸ்டிக்தான், வாடையே சொல்லுது. பிவிசி இயல்பா விறைப்பா இருக்கும், அத வளையுற மாதிரி மெதுவாக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள கலப்பாங்க, நாளாக நாளாக அது கசிஞ்சு வெளிய வரும், அதுதான் கையில ஒட்டுறது. கூடவே அந்த பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், அது செம்பத் தொட்டா பச்சை. வெள்ளிக்காசுலயும் கலவைக்கு செம்பு சேர்த்திருப்பாங்க, அதனால அதுலயும் வரும். சூடும் ஈரமும் இருக்குற இடத்துல இன்னும் வேகமா நடக்கும். இன்னைக்கே எல்லா காயினையும் வெளிய எடுத்துடுங்க, பச்சை தெரியலன்னு ஒண்ணையும் உள்ள விட்டு வைக்காதீங்க.

படலத்துக்கு சுத்தமான அசிடோன். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதுல வாசனை கலரெல்லாம் கலந்திருக்கும், காயின் மேல படியும். கண்ணாடிக் கிண்ணம்தான் எடுக்கணும், நிறைய பிளாஸ்டிக்க அசிடோன் கரைச்சுடும். ஜன்னல திறந்து வெச்சுக்கோங்க, பக்கத்துல அடுப்பு, நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது, சட்டுன்னு பத்திக்கும். காயின உள்ள போட்டு கொஞ்ச நேரம் விட்டு, வேற புது அசிடோன்ல ஒரு முக்கு முக்கி எடுத்து, அப்படியே ஆறவிடுங்க. துடைக்காதீங்க, தேய்க்காதீங்க. பிசுபிசுப்பு போயிடும். அமிலம் ஏற்கனவே அரிச்ச இடத்துல குழி இருந்தா அது அப்படியேதான் இருக்கும், அத எதுவும் சரி பண்ணாது.

தேய்க்கக்கூடாதுன்னு ஏன் எல்லாரும் இவ்வளவு கத்துறோம்னா, காயின அச்சடிக்கும்போது ரெண்டு டைக்கும் (டிசைன் செதுக்கின அச்சு) நடுவுல உலோகம் நசுங்கி நடுவுலருந்து ஓரத்த நோக்கி ஓடும், அந்த ஓட்டத்தோட தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளா மேற்பரப்புல நிக்கும். லைட்டுக்குக் கீழ புதுக்காசச் சாய்ச்சுப் பார்த்தா ஒரு வெளிச்சக் கீற்று காயின் மேல சுத்திச்சுத்தி வரும் பாருங்க, லஸ்டர்னு சொல்றது அதத்தான். ஒரு தடவ துணி வெச்சு அழுத்தித் தேய்ச்சா அந்தக் கோடு மழுங்கிடும், காயின் பளபளக்கும் ஆனா அந்தக் கீற்று சுத்தாது, திரும்ப கொண்டு வர வழியே கிடையாது. தேய்ச்ச காச காயின் சேர்த்துப் பழகுன ஒருத்தர் பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவார்.

இனிமே ஆல்பம், கவர் வாங்குறப்ப பிளாஸ்டிக் மைலார், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ரப்பர் பேண்ட் போட்டு கட்டாதீங்க, அதுல இருக்குற கந்தகம் வெள்ளிய கருக்கும். அட்டை ஹோல்டர்ல ஸ்டேப்ளர் பின் அடிச்சீங்கன்னா பின்னோட முனைய குறடு வெச்சு தட்டையா அமுக்கிடுங்க, இல்லேன்னா பக்கத்து காயின கீறிடும். ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போதும். அப்புறம் எப்பவும் ஓரத்த பிடிச்சுத்தான் தூக்கணும், என் ஐடிய பார்த்தாலே நான் யாருன்னு புரியும் 🙂

சில்லறைமூட்டை:

ஓரம்பிடி சார் சொன்னதுக்கு மேல முதல் கேள்விக்கு சொல்ல ஒண்ணும் இல்ல. நான் அந்த ஓட்டை பத்தி பேசுறேன்.

ப்ரோ, அந்த ஓட்டை எல்லார் ஆல்பத்துலயும் இருக்கு. அமெரிக்கா மாநில குவாட்டர், அதாவது 25 சென்ட் காசு, எடுத்துக்கோங்க, 1999லருந்து 2008 வரைக்கும் வருஷத்துக்கு அஞ்சு மாநிலம்னு 50 டிசைன் போட்டாங்க, புழக்கத்துக்கு ஃபிலடெல்ஃபியா பி, டென்வர் டி ரெண்டு மிண்ட்லயும் அடிச்சாங்க, ஆக நூறு காயின். தொண்ணூறு வரைக்கும் தானா வந்து விழும், கடைசி சிலது மனுஷன படுத்தி எடுத்துடும். வருஷம், எழுத்துன்னு சேர்க்குறவங்களுக்கு இது விதிச்சது. ஒரு டிசைனுக்கு ஒரு காயின் போதும்னு சேர்க்குறவங்களுக்கு இந்த வலி கம்மி. நான் அப்படித்தான் மாறிட்டேன், இப்ப கப்பல் இருக்குற காயின் மட்டும். எந்த நாடு எந்த வருஷம்னு இல்ல, கப்பல் இருந்தா எனக்கு. என்ன ஆச்சுன்னா, கப்பல் பத்தி படிக்க ஆரம்பிச்சேன், பாய்மரம் எத்தனை, எந்த மாதிரி கப்பல், அத ஏன் அந்த நாடு காசுல போட்டுச்சுன்னு ஒவ்வொண்ணும் ஒரு கதை. ஆல்பம் எப்ப நிரம்பும்ங்கற கேள்வியே எனக்கு இப்ப வர்றதில்ல.

டூப்ளிகேட்ட தள்ளி வைக்காதீங்க, அதுலதான் விளையாட்டே இருக்கு. லூப், அதான் கண்ணுகிட்ட வெச்சு பார்க்குற சின்ன பூதக்கண்ணாடி, எடுத்துட்டு உக்காருங்க, பத்து மடங்கு போதும். காயினோட தலையும் அடியும் விரல்ல பிடிச்சு பக்கவாட்டுல சுத்துங்க. யூரோ, பிரிட்டிஷ் காசுன்னா பின்பக்கம் நேரா நிக்கும், அமெரிக்க காசுன்னா தலைகீழா வரும். ரெண்டும் இல்லாம பாதியில சாஞ்சு நின்னா டை திரும்பியிருக்குன்னு அர்த்தம், எடுத்து தனியா வைங்க. டைல விரிசல் விட்டிருந்தா காயின்ல மேடான ஒரு முடிக்கோடு மாதிரி தெரியும். கீறல்னா பள்ளமா இருக்கும், விரிசல்னா மேடா இருக்கும், இத மட்டும் கண்ணு பழகிடுச்சுன்னா ஒரு கைப்பிடி சில்லறை ஒரு ஞாயித்துக்கிழமைய முழுங்கிடும்.

தாமரைக்கனி:

எனக்கும் ஆல்பத்துல காலி இடம் இருக்குங்க, பல வருஷமா. நான் அந்த இடத்துல ஒரு சின்ன பேப்பர்ல எந்த வருஷம், எந்த எழுத்து வேணும்னு எழுதி வெச்சிருக்கேன். பசங்க ஆல்பம் பார்க்கும்போது அந்தப் பேப்பரத்தான் முதல்ல படிக்கிறாங்க, அப்புறம் சில்லறை கிடைச்சா அவங்களே தேடுறாங்க. எங்க வீட்ல நாலு ஜோடி கண்ணு தேடுது இப்ப.

எனக்கு கஷ்டமா இருக்குறது வேற. இத யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியல. வர்றவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "இது எவ்ளோ போகும்?" அதுதான். இந்தக் காசு எத்தனை கை மாறியிருக்கும், இந்த ராணி முகம் எப்படி தேஞ்சிருக்குன்னு பேச ஆசையா எடுத்து வெச்சா, விலைய கேட்டுட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுறாங்க. இந்த மாதிரி இடத்துல வந்து எழுதுறப்பதான் மனசு ஆறுது.

காசுப்பெட்டி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எல்லா காயினையும் வெளிய எடுத்துட்டேன், அசிடோன் வாங்கணும். தாமரைக்கனி மேடம், நீங்க சொன்ன விலை விஷயம் அப்படியே என் வீட்டு கதை. அந்தப் பேப்பர் ஐடியாவ நாளைக்கே பண்றேன்.

கூடவே இன்னொரு கேள்வி. ஒருத்தர் மரியா தெரசா தாலர் ஒண்ணு தர்றேங்கறார், 1780ன்னு போட்டிருக்கு, பெரிய வெள்ளிக்காசு, பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கு. அவ்வளவு பழசான்னும் சந்தேகம், வெள்ளிதானான்னும் சந்தேகம். வீட்லயே பார்க்க வழி இருக்கா?

தராசுத்தட்டு:

ரெண்டும் வேற வேற கேள்வி, தனித்தனியா சொல்றேன்.

1780ங்கறது அந்தக் காசுல இருக்குற ஆஸ்திரியா ராணி மரியா தெரசா இறந்த வருஷம். அந்தக் காசு மேல வியாபாரிகளுக்கு அவ்வளவு நம்பிக்கை, வருஷத்த மாத்துனா வாங்க மாட்டாங்கன்னு அதுக்கப்புறமும் அதே 1780 போட்டே அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, வியன்னா மட்டும் இல்ல, லண்டன், பாரிஸ், ரோம், பம்பாய்னு பல மிண்ட்ல. அதனால 1780ன்னு இருக்குறதால அது அந்த வருஷத்துக் காசுன்னு சொல்லவே முடியாது, பெரும்பாலும் பின்னாடி அடிச்சதாத்தான் இருக்கும். ஆனா பின்னாடி மிண்ட்ல அடிச்சதும் வெள்ளிதான், அது போலி கிடையாது. 1780ல அடிச்ச அசல்னு சொல்லி விலை ஏத்துனா மட்டும் யோசிங்க.

வெள்ளியான்னு பார்க்க, முதல்ல எடை. சரியான எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு, மீதி செம்பு. 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு வேணும். எடை மட்டும் சரியா இருந்தா போதாது, போலி அடிக்கிறவனும் எடைய சரியா வெச்சுடுவான். அதனால தண்ணி டெஸ்ட் பண்ணுங்க. தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு சைபர் ஆக்கிடுங்க. காயின மெல்லிய நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் தொடக்கூடாது, காத்துக் குமிழி ஒட்டியிருந்தா நூல லேசா ஆட்டி விட்டுடுங்க. இப்ப தராசு காட்டுற நம்பர்தான் காயின் தள்ளுன தண்ணியோட எடை. நல்ல தாலர்னா 2.75 பக்கம் காட்டும், 28.07அ அதால வகுத்தா 10.2. செம்பு நிக்கல் கலவைல அடிச்சதுன்னா 3.15 பக்கம் போயிடும், வகுத்தா 8.9தான் வரும். காயினுக்கு ஒரு கீறல் கூட விழாது. எனக்கு இந்த ஹாபில ரொம்ப பிடிச்ச நிமிஷமே இதுதான், நூல் ஆடி அடங்கி நம்பர் நிக்குற வரைக்கும் மூச்ச பிடிச்சுக்கிட்டு இருப்பேன்.

காந்தமும் கையில வெச்சுக்கோங்க. அமெரிக்கால 1943ல போருக்கு செம்பு வேணும்னு ஒரு சென்ட் காச துத்தநாகம் பூசின இரும்புல அடிச்சாங்க, தப்பித்தவறி சிலது மட்டும் பழைய செம்புத் தகட்டுல விழுந்துடுச்சு, அது இப்ப பெரிய புதையல். உடனே இரும்புக் காசு மேல செம்பு பூசி விக்க ஆரம்பிச்சுட்டாங்க. காந்தத்துல ஒட்டுனா கதை முடிஞ்சது. 1948ல இருக்குற எட்ட செதுக்கி மூணாக்குறவங்களும் இருக்காங்க, அதுக்கு லூப்தான் வேணும்.

சில்லறைமூட்டை:

தராசுத்தட்டு அண்ணா அந்த தண்ணி டெஸ்ட் செம, சேவ் பண்ணிக்கிட்டேன்.

போலியவிட எனக்கு எரிச்சல் வர்றது வேற ஒண்ணு, சாதா காச அபூர்வம்னு சொல்லி விக்குறது. ரெண்டு யூரோ காயின் ஓரத்துல எழுத்து இருக்கும்ல, அது தலைகீழா இருக்கு, எரர் காயின் (தப்பா அச்சானது)னு போட்டு பெரிய விலை சொல்றாங்க. அந்த ஓர எழுத்த அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே தகட்டுல போட்டுடுவாங்க, அப்புறம் தகடு எந்தப்பக்கமா விழுதோ அப்படித்தான் அச்சு விழும், நேராவும் இருக்கும் தலைகீழாவும் இருக்கும், ரெண்டுமே சாதாரணம். புதுசா ஆசையா வர்ற பசங்க இதுல காச விட்டுட்டு ஹாபியவே வெறுத்துட்டு போறாங்க, அதுதான் தாங்க முடியல.

ஓரம்பிடி:

கிரேடும், அதாவது காசு எவ்வளவு தேயாம இருக்குன்னு போடுற மார்க்கும், அப்படித்தான். 1லருந்து 70 வரைக்கும் போடுற ஷெல்டன் ஸ்கேல் 1949ல பழைய அமெரிக்க பெரிய சென்ட்டுக்காக வந்தது, ரொம்ப தேஞ்சது ஒரு மடங்கு விலைன்னா அப்பழுக்கில்லாதது எழுபது மடங்குங்கற கணக்குல. அந்த விலைக்கணக்கு எப்பவோ பொய்யாப்போச்சு, நம்பர் மட்டும் நின்னுடுச்சு. ஒரே காசுக்கு ரெண்டு அனுபவசாலிங்க ரெண்டு நம்பர் சொல்வாங்க. அதனால காசுப்பெட்டி, தாலர் வாங்குறப்ப நம்பர விட்டுட்டு ராணியோட முகத்துல மேடான இடம் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க, தலைமுடியும் துணியோட மடிப்பும் தனித்தனியா தெரிஞ்சா நல்ல காசு.

அப்புறம் யூரோ ஜி எழுத்து எந்த வருஷம்னு சொல்லவே இல்லையே? வருஷமும் எத்தன சென்ட்டும் போடுங்க, என்கிட்ட ஜெர்மனி டூப்ளிகேட் ஒரு டப்பா இருக்கு, பார்த்து சொல்றேன். எனக்கு பதிலுக்கு உங்க எக்ஸ்ட்ரா எஃப், ஜே ரெண்டும் வேணும்.