ஒரே பேண்டில் இரண்டு கிடார்: யாரைக் கேட்டுப் பழகலாம்?

கணபதி கிடார்காரன் (கோவை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்கள் ஒரு காலேஜ் ராக் பேண்ட். கணபதியில் என் மாமாவின் லேத் பட்டறைக்கு மேலே ஷீட் போட்ட அறைதான் எங்கள் பிராக்டிஸ் இடம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, அன்றைக்கு மட்டும் கரண்டும் நமக்கு, சத்தமும் நமக்கு.

சிக்கல் இதுதான். பேண்டில் இரண்டு கிடார். நானும் என் கூட்டாளியும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), ஒரே டிஸ்டார்ஷனில் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்குவது), ஒரே இடத்தில் பிடித்து வாசிக்கிறோம். அவன் வால்யூமைக் கூட்டினால் நானும் கூட்டுவேன். பாடுகிறவன் மைக்கை வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விடுகிறான். இரண்டு கிடாரை வைத்துக்கொண்டு பெரிய பேண்டுகள் எப்படிச் சமாளித்தன? யாரை முதலில் கேட்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் மெட்டல்:

இதிலென்ன யோசனை? அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பேண்ட். டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித். 1982-ல் வந்த ‘தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். மர்ரே வாசிப்பது வழுக்கிக்கொண்டு போகும், ஸ்மித் ஒவ்வொரு நோட்டையும் எண்ணி வைப்பார். கொஞ்ச நாள் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டு யார் வாசிப்பது என்று சொல்லிவிடலாம். 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் நேரிலேயே பார்த்தேன். அப்போது ஜானிக் கெர்ஸையும் சேர்த்து மூன்று கிடார். மூன்று பேருக்கே இடம் இருந்தது, உங்கள் இரண்டு பேருக்கு இல்லையா?

பழைய ரிதம் (ஈரோடு):

தம்பி, மெய்டன் எல்லாம் அப்புறம். உங்கள் இரண்டு பேரில் ரிதம், அதாவது பின்னால் தாளத்தோடு கார்டு, வாசிக்க யாருக்கு ஆசை? யாருக்குமே இல்லை என்றால் உங்கள் சண்டை வால்யூம் சண்டை இல்லை.

நான் ஆர்கெஸ்ட்ராவில் வெகு காலம் ரிதம் கிடார் வாசித்தவன். பவானி, அந்தியூர், கோபி பக்கம் மாரியம்மன் நோம்பி என்றால் விடியும்வரை மேடை. கைதட்டு முழுக்க லீட், அதாவது முன்னால் தனியாக மெட்டு, வாசிப்பவருக்குத்தான். என் பக்கம் ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். ஆனால் என் கை ஒரு தாளம் நின்றால் போதும், பாடகர், தபலா, லீட் மூன்று பேரும் ஒன்றாக என்னைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் நான் சொல்வது ஏசி/டிசி ராக் பேண்டின் மால்கம் யங். தம்பி ஆங்கஸ் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மேடை முழுக்க ஓடுவார். அண்ணன் மால்கம் பின்னால், ஆம்ப்புக்குப் பக்கத்தில் நிற்பார். கையில் கிரெட்ச் கிடார். அதில் பிரிட்ஜ் பிக்கப் (கம்பி அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் பாகம்) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டார். கம்பி தடிமன், டிஸ்டார்ஷன் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. 1980-ல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை ஒரு காது ஹெட்போனில் மட்டும் கேளுங்கள், அப்புறம் மற்ற காதில். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். எங்கே வாசிக்காமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். கார்டை அடித்து உடனே கையால் அமுக்கிவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் டிரம் கேட்கும், குரல் நுழையும். உங்கள் பாடகர் டீக்கடைக்குப் போவது அந்த இடைவெளி இல்லாததால்தான்.

மால்கம் 2017-ல் போய்ச் சேர்ந்தார். உலகத்தில் லீட் வாசிப்பவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அந்த வலது கை கிடைக்காது என்பது என் கட்சி.

பொள்ளாச்சி புளூஸ்:

ஐயா சொல்வது சரி, ஆனால் ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் என்பது ஒரு வழிதானே. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டில் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் சரிக்குச் சரி. 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். அதில் பெட்ஸ் எழுதிய, பாட்டே இல்லாத ஒரு உருப்படி, ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’. மேக்கன் ஊர் மயானத்தில் ஒரு கல்லறையில் பார்த்த பெயரைத் தலைப்பாக வைத்தார். முதலில் இருவரும் சேர்ந்து மெட்டை வாசிக்கிறார்கள், பிறகு ஆளுக்கொரு நீண்ட சுற்று. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அடங்கிக் கார்டு போடுகிறார். அதே வருஷம் அக்டோபரில் டுவேன் பைக் விபத்தில் இறந்தார், வயது 24. அவரையும் பின்னால் அதே மயானத்தில்தான் புதைத்தார்கள்.

கணபதி கிடார்காரன்:

நன்றிங்க. இன்னொரு சந்தேகம். இருவரும் சேர்ந்து இரட்டை மெட்டு வாசிக்கிறார்களே, அதை முயற்சி செய்தோம். இ மைனரில் நான் வாசிப்பதை அவன் மூன்று ஃபிரெட் (கிடார் கழுத்தின் குறுக்குக் கட்டு) மேலே தள்ளி அப்படியே வாசித்தான். பாதி நன்றாக இருக்கிறது, பாதி காது கூசுகிறது. எல்லாருமே மூன்றாவது சுரம் என்றுதானே சொல்கிறார்கள்?

வீணையிலிருந்து கிடாருக்கு (திருப்பூர்):

மூன்றாவது சுரம் வேறு, மூன்று ஃபிரெட் வேறு. நான் வீணை கற்றவள், அந்த வழியிலேயே சொல்கிறேன். இ நோட்டை ச என்று வைத்தால் இ மைனர் ஸ்கேல் நம் நடபைரவி ராகம். நீங்கள் ச ரி க ம ப த நி வாசித்தால் அவர் க ம ப த நி ச ரி வாசிக்க வேண்டும். ச-வுக்கும் க-வுக்கும் நடுவில் 3 ஃபிரெட். ரி-ம 3, க-ப 4, ம-த 3, ப-நி 3, த-ச 4, நி-ரி 4. ஆக நீங்கள் க, த, நி வாசிக்கும் மூன்று இடத்தில் அவர் ஒரு ஃபிரெட் கூடுதலாகப் போக வேண்டும். உங்களுக்குக் கூசியது அங்கேதான். வாயால் பாடிப் பார்த்துவிட்டுக் கிடாரை எடுங்கள், கை தானாகப் போகும்.

கல்யாணத்தில் இரண்டு நாயனம் சேர்ந்து வாசிக்கும்போது இருவரும் ஒரே சுரத்தில்தான் போவார்கள், இல்லையென்றால் மாற்றி மாற்றி. அந்தக் காதோடு வளர்ந்த நமக்கு இது புதுப் பழக்கம்தான். நிதானமாகக் கேட்க விஷ்போன் ஆஷ் நல்லது. ஆண்டி பவல், டெட் டர்னர், 1972-ல் வந்த ‘ஆர்கஸ்’ ஆல்பம். அப்புறம் தின் லிஸி. கலிஃபோர்னியாக்காரர் ஸ்காட் கோரமும் கிளாஸ்கோ பையன் பிரையன் ராபர்ட்சனும் 1974-ல் அந்த டப்ளின் பேண்டில் சேர்ந்தார்கள். 1976-ல் வந்த ‘ஜெயில்பிரேக்’ ஆல்பத்தில் அந்த இரட்டை மெட்டு குட்டிக் குட்டியாக வரும். பாட்டு முழுக்க இழுக்க மாட்டார்கள், அதுதான் அழகு.

மேட்டுப்பாளையம் மெட்டல்:

ஈகிள்ஸ் பேண்டின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாட்டின் கடைசியை விட்டுவிட்டீர்களே! டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாற்றி மாற்றி வாசித்துக் கடைசியில் ஒன்றாகச் சேருவது. எல்லாக் காலேஜ் கல்ச்சுரல்ஸ் விழாவிலும் யாராவது அதைக் கொலை செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய ரிதம் (ஈரோடு):

தயவுசெய்து அதை மட்டும் மேடையில் எடுக்காதீர்கள் தம்பி. கேட்பவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு நோட்டும் மனப்பாடம்.

இந்த ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். ஒருவர் கழுத்துப் பக்கம் திறந்த கார்டு (சில கம்பிகளை அமுக்காமல் விடுவது), மற்றவர் ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே, மூன்று கம்பி மட்டும். ஒருவர் டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறைக்கட்டும், மற்றவர் ஆம்ப்பில் பாஸைக் குறைக்கட்டும், அது பாஸ் கிடார்காரர் இடம். அடுத்த பாட்டில் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். வால்யூம் நாபைப் பாடுகிறவரே வைக்கட்டும், அதன் பிறகு நீங்கள் இருவரும் தொடக்கூடாது. ஷீட் கூரையில் சத்தம் எதிரொலிக்கும், சுவரில் பழைய சாக்கோ ஜமுக்காளமோ தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

கணபதி கிடார்காரன்:

சரிங்கய்யா. முதல் பாட்டுக்கு ரிதம் நான்தான், டாஸில் தோற்றுவிட்டேன்.