5ஜி-யை அணைத்து 4ஜி-யில் நிறுத்துவது எப்படி? (அப்பாவின் கடை போன்)

சாகிநாகா செந்தில்:
மும்பை சாகிநாகாவில் அப்பா இட்லிக் கடை வைத்திருக்கிறார். சமீபத்தில் அவருக்கு 5ஜி போன் வாங்கிக் கொடுத்தோம், அன்றிலிருந்து தொல்லை. மேலே 5ஜி என்று காட்டும், யுபிஐ ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டவர் "அனுப்பிட்டேன் அண்ணாச்சி" என்று போனை நீட்டுகிறார், அப்பாவுக்கு மெசேஜ் வருவதில்லை. காலைக் கூட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்பது? போனும் சூடாகிறது, மதியத்துக்குள் சார்ஜ் பாதி காலி. இதே சிம் பழைய 4ஜி போனில் ஒழுங்காக ஓடியது. 5ஜி-யை மட்டும் அணைக்க முடியுமா? ஆண்ட்ராய்டு போன். ஒருமுறை வைத்துக் கொடுத்தால் அப்படியே இருக்க வேண்டும்.

தாராவி மணி:
டயல் பேடில் *#*#4636#*#* அடியுங்கள் தம்பி. 'போன் இன்ஃபர்மேஷன்' உள்ளே போய் 'எல்டிஇ ஒன்லி' (எல்டிஇ என்றால் 4ஜிதான்) வைத்தால் வேலை முடிந்தது. எல்லா போனிலும் திறக்காது.

செம்பூர் லட்சுமி:
மணி அண்ணே, கடைக்காரர் போனுக்கு அது வேண்டாமே. 'எல்டிஇ ஒன்லி' என்றால் போன் 4ஜி-யைத் தவிர வேறெதையும் தேடாது. வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, அணைந்திருந்தால் நெட் ஓடும், அழைப்பு வராது. யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியாது. பல போன்களில் அணைத்துப் போட்டதும் பழையபடி மாறியும் விடும்.

செந்தில், செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. சாம்சங் என்றால் கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் மோட். அங்கே 5ஜி என்று தொடங்கும் வரியை விட்டுவிட்டு 'எல்டிஇ/3ஜி/2ஜி' வரியைத் தொடுங்கள். மற்ற போன்களில் பெரும்பாலும் சிம் பெயருக்குள் 'ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்' என்று இருக்கும். இரண்டு சிம் இருந்தால் தனித்தனியாக வைக்க வேண்டும். வரியில் 2ஜி சேர்ந்திருப்பது நல்லதுதான், ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம்களுக்கு 4ஜி எட்டாத மூலையில் அழைப்பு அதில்தான் வரும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது. அந்த சிம்மில் '3ஜி/2ஜி' மட்டும் உள்ள வரியைத் தொட்டால் சிக்னலே போய்விடும்.

அந்தேரி ராஜன்:
5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் வருகிறது. வேகம் உண்டு, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். ஒட்டி ஒட்டி வீடு உள்ள சந்தில் மெலிந்த சிக்னலைப் பிடிப்பதும் விடுவதுமாகவே போன் கிடக்கும், சூடும் சார்ஜ் இறங்குவதும் அதனால்தான். போதாக்குறைக்கு நீங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 5ஜி நிலையம் வைக்கக் கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு எழுதியது. விமானங்களின் உயரமானி 4.2 முதல் 4.4-இல் வேலை செய்கிறது, அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான். உங்கள் கடை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று மேப்பில் அளந்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

சாகிநாகா செந்தில்:
லட்சுமி அக்கா சொன்ன வழியில் வைத்தாயிற்று. மெசேஜ் உடனுக்குடன் வருகிறது, சூடும் இல்லை. ஆனால் இப்போது மதியமே 'இன்றைய டேட்டாவில் பாதி முடிந்தது' என்கிறது. முன்பு இப்படி வந்ததே இல்லை.

செம்பூர் லட்சுமி:
அன்லிமிடெட் 5ஜி என்பது 5ஜி-யில் இருக்கும்வரைதான். 4ஜி-க்கு வந்ததும் தினக் கணக்கில் கழியும். யுபிஐ-க்குக் கொஞ்சம் டேட்டா போதும், கடையில் அப்பா வீடியோ பார்க்கிறாரா?

சாகிநாகா செந்தில்:
பட்டிமன்றம். கூட்டம் குறைந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

செம்பூர் லட்சுமி:
அப்படியானால் வீடியோ தரத்தை 360-இல் வைத்துவிடுங்கள். பட்டிமன்றத்துக்குக் காதுதானே வேண்டும்!