பின்பக்கக் காற்றுப் பை மாட்டியாகிவிட்டது (புதுப்பிப்பு)

ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றினால் என் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது, பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவதா, பாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் காற்றுப் பை (காற்றடைக்கும் ரப்பர் பை) மாட்டுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பைதான் மாட்டினேன். பட்டையைக் கூட்டினால் காலி வண்டி குதிக்கும். நான் திரும்புவது எப்போதும் காலியாகத்தான்.

ஃபிரேமுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு பைகள், அரை நாள் வேலை. சைலன்சர் குழாய் ஒரு பையை உரசுகிற மாதிரி போனதால் நடுவில் வெப்பத் தகடு வைத்தோம். இரண்டுக்கும் காற்றடிக்கத் தனித்தனி வால்வு. ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று ஒரு பையிலிருந்து மற்றதுக்குப் போய் வண்டி சாயும்.

மறுநாள் காலை இடது பை தட்டையாகக் கிடந்தது. காற்றுக் குழாயைக் கட்டிங் பிளேயரால் கோணலாக வெட்டியது நான்தான். பிளேடால் நேராக வெட்டிச் சொருகி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், குமிழி இல்லை.

யாரும் சொல்லாத விஷயம் பிரேக். என் வண்டியில் பின்பக்க பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு, ஃபிரேம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பாரத்தை அறிகிறது. பை தூக்கிப் பிடித்ததால் பாரம் இல்லை என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது! மெக்கானிக் அண்ணன் அதன் ராடைச் சரிசெய்தார். நானும் காற்றைக் குறைத்து, பாரத்தில் வண்டி கொஞ்சம் இறங்கும்படி விட்டிருக்கிறேன்.

அப்புறம், எவ்வளவு கூடுதலாக ஏற்றலாம் என்று கேட்டவருக்கு: ஒரு கிலோகூட இல்லை. ஆர்சியில் உள்ள எடைதான்.