ஓபியாங்கோ லேக்கின்ர வடக்கு முனைக்கு அப்பாவோட கயாக்கில போக ஏலுமோ?

தாழம்பூ (ஏஜக்ஸ்):

வணக்கம். கனடாவில, ஒன்ராறியோவில இருக்கிற அல்கோன்குயின் பார்க்கில துடுப்புப் போட்ட ஆக்கள் ஆரும் இருந்தால் ஒருக்கால் சொல்லுங்கோ.

யூன் கடைசிக் கிழமை ஓபியாங்கோவில ரெண்டு இரவுக்குப் பேமிற் எடுத்து வைச்சிருக்கிறன். அஞ்சு மாதத்துக்கு முதல் புக் பண்ணலாம் எண்டபடியால் சனவரிக் குளிருக்குள்ள போர்வையைப் போத்திக்கொண்டு இருந்து எடுத்தது. இடம் லேக்கின்ர வடக்குக் கை, ஹெயில்ஸ்ரோம் கிறீக் எண்ட சின்ன ஆறு வந்து விழுற பக்கம். பார்க்கிலயே பெரிய லேக் இதுதான், மோட்டர் போட்டும் விடுவினமாம். ஆனால் அந்த முனையில சத்தம் குறைவு, மூஸ் எண்ட பெரிய மான் நிக்கும் எண்டு சொல்லுகினம்.

வாறது நானும் அப்பாவும். ரெண்டு பேர் இருக்கிற கயாக் (மேல்பக்கம் மூடின ஒடுங்கின துடுப்பு வள்ளம்) வாடகைக்கு எடுக்கலாமெண்டு நினைக்கிறன். நான் ரெண்டு சமர் பிக்கறிங்கில பிரெஞ்ச்மன்ஸ் பேயில தனியத் துடுப்புப் போட்டிருக்கிறன், அவ்வளவுதான். அப்பாவுக்கு 67. வேலணைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். சின்னனில வள்ளம் விட்டவர் எண்டு அவர் சொல்லுறார், அம்மா நம்புறா இல்லை. நான் காத்தைப் பற்றிக் கேட்டால் "உது குளம்தானே பிள்ளை" எண்டிறார்.

துறையிலயிருந்து வோட்டர் ராக்ஸியில வடக்குக்குக் கொண்டுபோய் விடுவினமாம், கயாக்கையும் ஏத்துவினமாம். அப்பா அதைக் காசுக்கரி எண்டிறார். எனக்கும் ராக்ஸியில போய் இறங்கினால் ஏதோ கள்ளம் செய்த மாதிரி இருக்கும். துடுப்பிலயே போய்ச் சேரலாமோ?

—

கரையூரான்:

தங்கச்சி, முதல் அப்பாட்டச் சொல்லுங்கோ, உது குளமில்லை.

பண்ணைக் கடலில தாண்டால் எழும்பி நிக்கலாம், மரக்கோல் ஊண்டித் தள்ளிக்கொண்டு வரலாம். ஓபியாங்கோவில கோலுக்கு நிலம் எட்டாது. துறையிலயிருந்து வெளிக்கிட்டால் முதல் வாறது ஸ்புறூல் பே. அது உங்கட பிக்கறிங் மாதிரித்தான் கிடக்கும், அதிலதான் ஆக்கள் ஏமாறுறது. அதைக் கடந்து தெற்குக் கைக்குள்ள மூக்கை நீட்டின உடன வேற தண்ணி.

நான் பட்டதைச் சொல்லுறன். 2017 ஓகஸ்ட், நானும் மச்சானும், ஆளுக்கொரு கயாக். ஸ்காபரோவிலயிருந்து விடிய அஞ்சுக்கு வெளிக்கிடுறதெண்டு கதை. மச்சான் இடியப்பம் கட்டி முடிய எட்டரை. 400ஆம் நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ற்ஸ்வில்லில திரும்பி 60, பார்க்கின்ர மேற்கு வாசலிலயிருந்து 46ஆவது கிலோமீற்றரில ஓபியாங்கோ றோட். இடையில கோப்பி, இடையில பெற்றோல். கயாக்கைத் தண்ணியில இறக்கேக்கை ஒண்டரை.

ஒண்டரை எண்டால் காத்துக்கு நல்ல நேரம். வடமேல் பக்கத்தால எழும்பிச்சுது. அலை பெரிசெண்டு சொல்ல மாட்டன், முழங்கால் உயரம் வரும். ஆனால் கடலலையில ஏறி இறங்க அவகாசம் இருக்கும். இதில ஒண்டால இறங்க முதல் அடுத்தது அணியத்தில அடிக்கும். கயாக்கில நாங்கள் தண்ணி மட்டத்தில குந்திக்கொண்டிருக்கிற ஆக்கள். மடியை மூடுற ஸ்கேட்டும் போடேல்லை. ரெண்டாவது அலையோட தொடைக்கு மேல தண்ணி.

இனித்தான் பகிடி. சட்டப்படி கொண்டுபோக வேண்டிய சாமான் எல்லாம் எங்களிட்ட இருந்தது. லைஃப் ஜக்கெற் உடம்பில. விசில், தண்ணி இறைக்கிற கைப்பம்பு, 15 மீற்றர் மிதக்கிற கயிறு, ஒண்டும் குறையில்லை. எல்லாம் ஒரே பையுக்குள்ள, பை எனக்குப் பின்னால மூண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக் கிடக்குது. அலைக்குள்ள துடுப்பை விட்டிட்டுப் பின்னால திரும்பிப் பாருங்கோ, தெரியும். மச்சான் இருபது யார் தள்ளி நிண்டு ஏதோ கத்திறான், எனக்குக் கேக்கேல்லை. விசில் அவன்ர பையுக்குள்ளையும் பின்னுக்குத்தான்.

ஒரு மாதிரி ஒரு கல்லு முனையின்ர மறைப்புக்குள்ள பூந்து கரையேறினம். போனில சிக்னல் இல்லை. அந்தக் கல்லில இரவு ஏழு மணிமட்டும் இருந்தம். இடியப்பம் அங்கையே முடிஞ்சுது. பிறகு ஆரோ சுவிச்சை அமத்தின மாதிரிக் காத்து விழுந்து, தண்ணி எண்ணெய் மாதிரிக் கிடந்துது. எங்கட காம்ப் சைற்றைத் தேடிப் பிடிக்கேக்கை நல்லா இருட்டிப்போச்சு. அது வேற கதை.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். அமைதியான முனையைப் பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை, அது அமைதிதான். யோசிக்க வேண்டியது இடையில கிடக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ரொறன்ரோவிலயிருந்து அண்டைக்கே கார் ஓடி வாற ஆக்கள் தண்ணியில இறங்கிறது எப்பிடிப் பாத்தாலும் மத்தியானம். அதாவது காத்து எழும்புற நேரம் பாத்துத்தான் நாங்கள் எல்லாரும் அங்க போய் இறங்கிறம். ஆனபடியால் போகேக்கை ராக்ஸி. அதில கள்ளமொண்டுமில்லை. வரேக்கை துடுப்பு: விடிய அஞ்சுக்கு, தேத்தண்ணி கூட வைக்காமல், கரையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. எங்களுக்குத் திரும்பி வர மூண்டரை மணித்தியாலம் எடுத்துது. அலை வெள்ளையா உடைக்கத் துவங்கினால் கரையேறிக் காத்திருங்கோ. அடுத்த நாள் விடிய வேலைக்குப் போற மாதிரி மட்டும் வைச்சுக்கொள்ளாதேங்கோ. அந்த அவசரம்தான் ஆக்களை நடுத்தண்ணிக்குத் தள்ளுறது.

ஹெயில்ஸ்ரோம் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரேல்லை. அது காப்புப் பகுதி, பெரிய சதுப்பு. கிறீக் வாயில அல்லி இலையள் கயாக்கின்ர அடியில உரஞ்சும், ஓலைப்பாயை நிலத்தில இழுக்கிற சத்தம். உள்ளுக்குப் போகப் போக கிறீக் வளைஞ்சு வளைஞ்சு போகும், ரெண்டு கரையிலையும் புல்லு. கனூவில, அதுதான் மேல்பக்கம் திறந்த வள்ளத்தில, முழங்காலில நிக்கிறவன் புல்லுக்கு மேலால பாப்பான். கயாக்கில எங்களுக்கு ஆகாசம் மட்டும்தான் தெரியும். ஒரு முடக்கில திரும்பினால் மூஸ். தலை முழுக்கத் தண்ணிக்குள்ள. எனக்கு முதல் மண்திட்டி எண்டுதான் விளங்கிச்சுது. பிறகு தலையைத் தூக்கிச்சுது பாருங்கோ, ஒரு வாளித் தண்ணியைக் கவிட்டுக் கொட்டின சத்தம். வாயில அல்லித்தண்டு தொங்குது. சப்பிக்கொண்டே என்னைப் பாத்துது. மாரி முழுக்கக் காஞ்ச சுள்ளியைத் திண்டு உடம்பில உப்புக் காணாமல் வாற சீவன், அந்த உப்பு நீர்ச்செடியில இருக்குது. அதுதான் சமர் துவக்கத்தில தண்ணியே கதியெண்டு நிக்கிறது. நீங்கள் போற நேரம் தாய் கண்டோட நிக்கும். கிட்டப் போகாதேங்கோ, முடக்குகளில மெல்லமாப் போங்கோ, அப்பாவைச் சத்தமாக் கதைச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ. வாத்தியார்தானே.

—

நெடுந்தீவுக் குதிரை:

யூன் கடைசி எண்டால் நுளம்பு பிச்சுப் பிடுங்கும், கடிக்கிற கறுப்பு ஈயும் முழுக்க முடிஞ்சிராது. மே துவக்கத்தில பனி உருகின கையோட போயிருக்கலாம், ஒரு பூச்சி இல்லை.

—

ரோஜா (மார்க்கம்):

மேலை எழுதினவர் பூச்சியை மட்டும் பாக்கிறார். பனி உருகின கையோட அந்தத் தண்ணியில விழுந்தால் என்ன நடக்குமெண்டு இங்க 1-10-1 எண்டு சொல்லித் தருகினம். மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிசம். கைகால் சொன்னதைக் கேக்கிறது பத்து நிமிசம். நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். கவிண்ட கயாக்கில திரும்ப ஏறுறதுக்கு அந்தப் பத்து நிமிசம்தான். 67 வயசு ஆளோட மேயில வேண்டாம். தாழம்பூ, நுளம்புக்கு முகவலை வாங்குங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

நான் சொல்ல வந்தது சாப்பாட்டுக் கதை. அங்க உள்ளுக்கு ரின், போத்தில் கொண்டுபோகக் கூடாது. மீன்ரின்னும் அதுக்குள்ளதான்! எங்கட ஆக்கள் மீன்ரின் இல்லாமல் காம்பிங் போன சரித்திரம் இல்லை எண்டபடியால் முன்கூட்டியே சொல்லுறன். நாங்கள் சம்பல், பருப்பு, வறுத்த மா எல்லாம் பிளாஸ்ரிக் டப்பாவில கொண்டுபோறது. கருவாடு கொண்டுபோறதுக்குச் சட்டத்தில தடையில்லை, ஆனால் கரடிக்கு அழைப்பிதழ் அடிச்ச மாதிரி. சாப்பாட்டுப் பையை ரென்ற்றிலயிருந்து தள்ளி மரத்தில உயரக் கட்டுங்கோ. பற்பசையும் அந்தப் பைக்குள்ள.

அப்பா ஆரிட்டையும் கேட்டுப் பயப்பிட முதல் நான் சொல்லுறன்: இதே லேக்கில, பேட்ஸ் தீவில, 1991 ஒக்ரோபரில ரெண்டு பேரைக் கரடி கொண்டது உண்மை. அப்பிடி நடக்கிறது மிச்சம் அரிது. நான் நாலு தரம் போயிருக்கிறன், ஒருக்காலும் கரடி காணேல்லை. எங்கட பாணைக் கொண்டுபோனது ஒரு அணில்.

—

கரையூரான்:

ரோஜா சொன்ன மரத்தில கட்டுற வேலையை வெளிச்சத்திலயே செய்யுங்கோ. இருட்டில கயிறு எறிஞ்சு மச்சான்ர கண்ணாடி உடைஞ்சது.

இன்னொண்டு மறந்துபோனன். துறைக்குத் திரும்பி வரேக்கை ஆரும் பொடியள் வந்து "மீன் பிடிச்சனீங்களோ, எத்தினை, எவ்வளவு நேரம்" எண்டு கேட்டால் அப்பா பயப்பிடத் தேவையில்லை, அபராதம் எழுத வந்த ஆக்களில்லை. லேக்கில ஹார்க்னெஸ் எண்டு ஒரு மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்குது. 1936இல துவங்கினதிலயிருந்து இந்தக் கணக்கை எடுக்கினம். என்ர அப்பு கரையூரில முப்பது வருசம் கடலுக்குப் போனவர், அவர் பிடிச்ச மீனை யாவாரியைத் தவிர ஒருத்தரும் எண்ணேல்லை.

—

தாழம்பூ (ஏஜக்ஸ்):

கரையூரான் அண்ணை, ரோஜா அக்கா, சரியான நன்றி. போகேக்கை ராக்ஸி எண்டு முடிவு. விசிலும் பம்பும் கை எட்டுற இடத்தில. திரும்பி வாறது புதன்கிழமை விடிய, வேலைக்கு வெள்ளிமட்டும் லீவு போட்டிட்டன்.

உங்கட பதிலை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மரக்கோல் எண்டு வந்த இடத்தில நிப்பாட்டி, இன்னொருக்கால் வாசி எண்டார். ராக்ஸிக்கு எவ்வளவு எண்டு மட்டும் பிறகு கேட்டார்.

நேற்றுப் பின்னேரம் அவரைப் பிரெஞ்ச்மன்ஸ் பேயில கொண்டுபோய் முன்னுக்கு ஏத்தினன். அஞ்சு நிமிசம் ஒழுங்காத் துடுப்புப் போட்டார். பிறகு கரைப்பக்கம் திரும்பேக்கை துடுப்பை நிமித்திப் பிடிச்சு நிலத்தில ஊண்டித் தள்ளினார். அங்க நிலம் எட்டிச்சுது. கயாக் ஒரு ஆட்டம் ஆடி நேராப் போச்சுது. அவர் திரும்பி என்னைப் பாத்த பார்வையை அம்மாவுக்குக் காட்டப் படமெடுக்க எனக்குக் கையில ஈரம்.