சிரிக்க வைக்கும் மாயக்கதை: 11 வயதுக்கு எது?

கேள்வி: டெர்ரி பிராட்செட்டின் ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ (1983) நாவல் பிள்ளைகளிடம் பாதியிலேயே நின்றுவிடுகிறதே, ஏன்? வேறு எதில் தொடங்கலாம்?

பதில்: அது பழைய வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டல் செய்வது. அவற்றைப் படிக்காதவர்களுக்குச் சிரிப்பு வராது. ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003) கொடுங்க. தம்பியை மீட்க ஒன்பது வயது டிஃபனி வாணலியோடு கிளம்புகிறாள், அருமை! கூட வரும் ஆறங்குல நீலக் குள்ளர்கள் பேசுவது ஸ்காட்லாந்துக் கொச்சை. கண்ணால் மட்டும் படித்தால் தடுக்கும். முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்க, காது பழகிடும்.

பதில்: கொச்சை வேண்டாம்னா டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’ (1986). கதையில் வரும் நகரும் கோட்டையின் கதவுக்கு மேல் ஒரு குமிழ், நாலு பக்கமும் நாலு நிறம். ஒரு நிறத்துக்குத் திருப்பினால் கதவு மலைவெளியில் திறக்கும், இன்னொன்றுக்குத் துறைமுகத்தில்.

பதில்: பிராட்செட்டின் ‘அமேசிங் மாரிஸ்’ 12 வயதுக்கு அப்புறம். எலிகளை நாயிடம் விடும் குழி வருது.