இடைநிலைச் சீன மொழித் தாளை எடுக்கலாமா?

குடியாத்தம் மாணவி:
வேலூரில் பொறியியல் படிக்கும் நான், விருப்பப் பாடமாகத் தொடக்கநிலைச் சீனத்தை முடித்துவிட்டேன். அடுத்த செமஸ்டரில் வரும் இடைநிலைத் தாளில் சமகாலச் சீனப் பண்பாடும் சேர்ந்திருக்கிறது. பாடங்களில் பின்யின் (சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் முறை) இருக்காது என்றும், காவோகாவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு, இளைஞர்களின் வேலைநேரம் போன்றவை பற்றிச் சீனத்திலேயே எழுத வேண்டும் என்றும் சீனியர்கள் சொல்கிறார்கள். எச்எஸ்கே என்னும் சீன மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையின் 600 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா? ராணிப்பேட்டைப் பக்கம் வந்துள்ள தைவான் காலணி நிறுவனங்களில் வேலைக்கு இது உதவுமா?

பாலாற்றங்கரை:
தாராளமாக எடுங்கள். காலணித் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்: இடைநிலை இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் பலர் திணறுகிறார்கள். காலணியின் மேற்பாகமான அப்பரைத் தைக்கும் வரிசையில் மேற்பார்வையாளர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் காட்டி, "பா ஷியன் ஜியன்தியாவ்" என்பார். ‘பா’ செயப்படுபொருளைக் காட்டும் சொல், ‘ஷியன்’ நூல், ‘ஜியன்’ வெட்டு, ‘தியாவ்’ துணைச்சொல். நாம் "நூலை வெட்டிவிடு" என்பதைப் போலவே இங்கும் செயப்படுபொருள் முன்னே நிற்க, வினை பின்னால் வந்து, வெட்டி நீக்குவதைக் காட்டும் துணைச்சொல் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்னும் தொடரும் சீனத்தில் ஏறக்குறைய இதே வரிசையில்தான் அமையும். பண்பாட்டுப் பகுதியைத் தேர்வுக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

சீனவியல் ஆய்வாளர்:
கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. காவோகாவ் பற்றிய ஒரு பத்தியில் எல்லாச் சொற்களும் தெரிந்திருந்தாலும், ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு முறை தெரியாதவருக்கு அந்தப் பத்தி விளங்காது. பெற்றோர் பெய்ஜிங்கில் உழைத்தாலும், பதிவு வேறு மாகாணத்தில் இருந்தால் பிள்ளை பெரும்பாலும் அந்த மாகாணத்துக்குத் திரும்பித்தான் தேர்வு எழுத வேண்டும். 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் அத்தேர்வுக்குப் பதிவு செய்தார்கள் என்றால், அதைச் சுற்றி எத்தனை செய்திகளும் நாடகங்களும் நகைச்சுவைகளும் எழும் என்று எண்ணிப் பாருங்கள். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் என்னும் ‘996’ வேலைமுறையும் அப்படித்தான். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சீன உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அறிவித்த பின்னணி தெரிந்தால்தான் இளைஞர்களின் புலம்பலிலுள்ள கிண்டல் புரியும்.

சொற்களைப் பொறுத்தவரை, பழைய எச்எஸ்கே நான்காம் நிலைக்கு 1,200 வேண்டும். செமஸ்டர் தொடங்கும் முன்பே சிறு செய்திகளைப் பின்யின் இல்லாமல் வாசித்துப் பழகுங்கள்.

குடியாத்தம் மாணவி:
இருவருக்கும் நன்றி. தைவான்காரர்கள் எழுதுவதை, நாங்கள் படித்த எளிய எழுத்துகளைக் கொண்டு வாசிக்க முடியுமா?

பாலாற்றங்கரை:
பேச்சில் பெரிய சிக்கல் வராது; எழுத்தில் வரும். அவர்கள் எளிமையாக்கப்படாத மரபு எழுத்துகளையே பயன்படுத்துகிறார்கள். இப்போதே இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், இந்தத் தாளை முடித்த பிறகு, தொழிற்சாலையில் அடிக்கடி வரும் தோல், நூல், அளவு, குறைபாடு போன்ற சொற்களின் மரபு வடிவங்களை மட்டும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா. பண்பாட்டுப் பகுதி பற்றி ஆய்வாளர் சொன்னதையும் மறுப்பதற்கில்லை. மதிய உணவு வேளையில் அவர்கள் பேசுவதெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான்.